பந்தக்கால் வளைத்த சந்து

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து போகிறது. இருபதடி அகலம், நானூறு அடி நீளம். கிழக்கு முனையில் நின்று பார்த்தால் பாதி தூரம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அப்புறம் காரணமே இல்லாமல் தெற்கே ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டதுபோல ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நேராகிவிடும். புதிதாக வரும் மாட்டுவண்டிக்காரர்கள் அந்த இடத்தில் சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கிவிட்டு, இதை வரைந்தவன் எந்தக் கள்ளுக்கடையில் உட்கார்ந்து வரைந்தானோ என்று திட்டுவார்கள்.

வரைந்தவன் நான்தான். பெயர் இக்னேஷியஸ். ஊரில் யார் எங்கே எதைக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் ஆபீஸில் பிளான் வரைகிற கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸின் முழுப்பெயர் வேண்டாம். நாங்கள் போர்டு என்போம், அது போதும். கள்ளை நான் தொட்டதில்லை. என் கையால் போட்ட கோடு கோணியது என்று ஒருவனும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் போட்ட ஒரே கோணல் அது. அதை எப்படிப் போட்டேன் என்று சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் சட்டம். சட்டம் என்றதும் கொட்டாவி விடுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் இரண்டே விதிகள்தான். ஒன்று, நகர எல்லைக்குள் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவன் பின்பக்கம் பத்தடி நிலத்தைச் சந்துக்கு விட்டுவிட வேண்டும். கக்கூஸ் வாளி எடுப்பவனும் குப்பை வண்டியும் வாசல் வழியாக வரக்கூடாதல்லவா, அதற்கு. இரண்டு, ஒரு கட்டடத்தின் தூணோ சுவரோ ஏதேனும் ஒன்று பழைய இடத்தில் நிற்கிறவரை அந்தக் கட்டடம் நிற்பதாகவே கொள்ளப்படும். வீடு விழுந்துவிட்டது, இனி வரி கேட்காதே என்று சாதித்த சில கெட்டிக்காரர்களை மடக்க வந்த விதி.

இரண்டையும் தனித்தனியே போட்டவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தது எங்கள் தெரு. மளிகைக்கடை சின்னையா தன் பழைய பலகைக் கடையில் ஒரே ஒரு மரத்தூணை விட்டுவைத்து, அதைச் சுற்றிச் செங்கல்லில் மாடி வீடே எழுப்பினார். கேட்டால் பழுதுபார்த்தேன் என்பார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, எதையும் தாங்காமல், காலண்டர் மாட்டிக்கொண்டு அந்தத் தூண் நின்றது. தெரு முழுக்க இப்படித்தான். நிலம் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கப்படவில்லை. சந்து காகிதத்தில்கூட வரவில்லை.

அப்போதுதான் புதுத் துரை கப்பல் இறங்கினார். ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. போர்டிடம் வேறு எதற்கும் காசில்லாததால், திட்டம் போடுவதற்கு நிறைய நேரமிருந்தது. ஒவ்வொருவனும் இடித்துக் கட்டும்வரை காத்திருக்கப் போவதில்லை, இப்போதே சந்தைத் திறந்துவிடலாம் என்றார் அவர். போர்டு அங்கீகாரம் பெற்ற கட்டடம் குறுக்கே வந்தால் நஷ்டஈடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அங்கீகாரமில்லாத கொட்டகை என்றால் ஒரு மாத நோட்டீஸ் போதும், இடித்துவிடலாம். எங்கள் தெருவின் பின்பக்கம் முழுக்கக் கோழிக்கூடும் விறகுக் கொட்டகையுமாக இருந்ததால், ஒரு காசு செலவில்லாமல் வேலை முடியும் என்று துரை கணக்குப் போட்டார்.

சித்திரை மாதம் ஒரு காலையில் அந்தச் சந்தை நான் வரைந்தேன். எவ்வளவு அழகான கோடு தெரியுமா? ஒரே இழுப்பு. மை காய்வதற்கு முன்பே, அது யார் அடுப்பின்மேல் போகிறது என்று பார்த்துவிட்டேன்.

அது புஷ்பவல்லி அக்காவின் அடுப்பு. அவர் புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அவரும் மகள் ரமணியும்தான். வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு சமையற்கொட்டகை. அதிலிருந்து தினமும் இருபத்திரண்டு டிபன் கேரியர் ஆபீஸ்களுக்குப் போகும். அதில் ஒன்று எனக்கு. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். மத்தியானம் அந்தக் கேரியர் வரும்வரை நான் ஒரு மனிதனாகவே இருக்கமாட்டேன் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொட்டகைக்கு எந்தக் காலத்திலும் யாரும் பிளான் போட்டதில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, பின்னாலே சந்து வருது."

"வரட்டுமே. குப்பை வண்டி உள்ளே வரும்லா."

"உங்க அடுப்பு மேலே வருது."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு அப்படிப் போட்டது?"

"துரை போடச் சொன்னாரு."

"துரை சொன்னாரு, சரி. கோடு போட்டது யாரு?"

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

"கிராணியாரே, வைகாசி கடைசியிலே ரமணிக்குக் கல்யாணம். அவ கிள்ளானுக்குப் போயிட்டா நான் ஒத்தை ஆளு. இந்த அடுப்பு இருந்தா நான் என் சோத்தைத் தின்னுக்குவேன். இல்லைன்னா சம்பந்தி வீட்டுலே போய்த் தட்டை நீட்டணும். அது என்னாலே ஆவாது." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலை.

மறுநாள் சாம்பாரில் உப்பில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

வைகாசி முதல் வெள்ளிக்கிழமை பந்தக்கால் நட்டார்கள். வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போடக்கூடாது என்று ஒரு விதி இருந்ததால், பந்தல் பின்பக்கத்துக் காலி இடத்தில். கல்யாண முருங்கையில் ஒரு நல்ல கிளைப் போத்தாக வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, கொட்டகையை அடுத்த ஈசானி மூலையில் குழி தோண்டிப் பால் ஊற்றி நட்டார்கள். அண்டைவீட்டான் என்ற முறையில் நானும் ஒரு கை பிடித்தேன்.

வேலிக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது. கட்டட இன்ஸ்பெக்டர் மாரிஸ்.

மாரிஸும் நானும் ஒரே ஆபீஸ், ஒரே மாதா கோயில், ஒரே பாட்டுக் குழு. எனக்கு முன்னால் நின்று, எல்லாரும் முடித்த பிறகும் அரை மூச்சு இழுத்துப் பாடுவான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

"என்ன நடுறீங்க?"

"பந்தக்கால் சார்" என்றார் புஷ்பவல்லி அக்கா.

"கால்னா? மேலே கூரை வருமா?"

"கூரை இல்லாமே பந்தல் உண்டா?"

"பிளான் எங்கே?"

நான் குறுக்கே புகுந்தேன். "கல்யாணப் பந்தல், மாரிஸ். மூணு நாள் நிக்கும், அவ்வளவுதான்."

"தூண் நட்டு மேலே கூரை போட்டா கட்டடம். மூணு நாள்னா பிளான் வேண்டாம்னு விதியிலே எங்கே இருக்கு? காட்டு, நான் போயிடறேன்."

விதியில் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மாரிஸ் சைக்கிள் ஸீட்டின்மேல் புத்தகத்தை வைத்து, கார்பன் தாள் நுழைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நோட்டீஸ் எழுதினான்: 'அங்கீகாரம் பெறாமல் நிலத்தில் நடப்பட்டுள்ள மரத்தூண் ஒன்று, ஒரு கட்டடத்தின் பகுதி.' கீழே பெரிதாகக் கையெழுத்து.

"பிடுங்கிடட்டுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நட்ட பந்தக்காலைப் பிடுங்கறதா? வெளங்குமா அது?" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "கிராணியாரே, எங்க அடுப்பு மேலே கோடு போடத் தெரிஞ்ச ஆளுக்கு, எங்க பந்தலுக்கும் ஒண்ணு போடத் தெரியுந்தானே?"

எனக்குக் கோபம் வந்தால் வேலை சுத்தமாக வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரு கல்யாணப் பந்தலுக்கு ஒரு பாங்க் கட்டடத்துக்குப் போடுகிற மாதிரி பிளான் போட்டேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு. மழைத் தண்ணீர் போக வடிகால். ஊருக்குள் கீற்றுக் கூரை கூடாது என்பதால் தகரக் கூரை. வாசலில் இரண்டு வாழை மரங்களைக்கூடக் குலையோடு அளந்து வரைந்தேன். தூண்கள் மொத்தம் ஒன்பது. ஈசானி மூலைக் கால்தான் தூண் எண் ஒன்று.

கடைசியில் ஒரு இடத்தில் கை நின்றது. பிளான் கொடுக்கும்போது அந்த மனையில் ஏற்கெனவே இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கையெழுத்தானால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சமையற்கொட்டகையை வரைந்தால் அதுவும் அங்கீகாரத்துக்குள் வந்துவிடும். பந்தலும் கொட்டகையும் நிற்கிற இடத்தில்தான் புதுத் துரையின் சந்து வரப்போகிறது என்பது ஆபீஸில் அப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? சந்துப் படம் புதுத் துரையின் அறையில். கட்டட பிளான்கள் எங்கள் பழைய துரையின் அறையில். நடுவே ஒரு வராந்தா. இரண்டு துரைகளும் கிளப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிப்பார்கள். ஆபீஸில் ஒரு துண்டுக் காகிதம் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகாது. இரண்டையும் வரைந்தவன் நான் ஒருவன்தான்.

இருப்பதைக் காட்டு என்பது விதி. காட்டினேன். யாராவது கேட்டிருந்தால் சந்தைப் பற்றியும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மாரிஸ் அளவு நாடாவோடு வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, விதிப்படி உள்ளது என்று சிபாரிசு எழுதினான். பழைய துரை தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் ஏறியது. போர்டு அங்கீகரித்த முதல் கல்யாணப் பந்தல் எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்தன்று பிடித்த மழையில் தகரக் கூரை போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் யார் காதிலும் விழவில்லை. தாலி கட்டியாகிவிட்டது என்பதே பின்வரிசைக்குப் பாயசம் வந்த பிறகுதான் தெரிந்தது. மாரிஸும் வந்திருந்தான். விருந்தாளியாக வந்தானா, இன்ஸ்பெக்டராக வந்தானா, தெரியவில்லை. சாப்பாடு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். மறுநாள் ரமணி கிள்ளான் ரயிலேறினாள். தகரம் கடைக்குத் திரும்பியது, மூங்கில்கள் அவிழ்ந்தன. பந்தக்காலை மட்டும் வழக்கப்படி அப்படியே விட்டார்கள். துளிர்த்தால் பெண் வாழுகிற இடத்தில் நன்றாக இருப்பாள் என்பார்கள். மகளுக்குத் தலைவாரிவிடும் நேரத்தில் இப்போது புஷ்பவல்லி அக்கா அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

ஆடியில் சந்து நோட்டீஸ் வந்தது. ஆவணி முதல் திங்கட்கிழமை கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். புதுத் துரை தானே வந்தார். சந்துப் படத்தைப் பிடித்துக்கொண்டு நான், பதிவேட்டைச் சுமந்துகொண்டு மாரிஸ். கோழிக்கூடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சின்னையா தன் விறகுக் கொட்டகைக்கு எதிரே நின்று, உலகத்தில் இல்லாத வசவெல்லாம் மெதுவாக வைதுகொண்டிருந்தார். அடுத்தது சமையற்கொட்டகை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. நடையில் புஷ்பவல்லி அக்கா, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டோடு.

அவர் கட்டைத் துரையிடம் நீட்டினார். துரை பிரித்தார். என் பிளான். வாழைக்குலை, வடிகால், கீழே பழைய துரையின் கையெழுத்து. புதுத் துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. நான் தமிழில் சொல்கிறேன்.

"இந்தக் கட்டடம் எங்கே?"

"பிரித்துவிட்டார்கள் சார். அது கல்யாணத்துக்குப் போட்டது" என்றான் மாரிஸ்.

"அப்படியானால் அங்கீகாரமும் அதோடு போயிற்று. கொட்டகையும் அதில் அடக்கம்தானே. ஆரம்பிக்கலாம்."

கடப்பாரைக்காரன் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான். வேலை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அந்த நடையில் நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டு என் கோட்டின்மேல் நடந்துபோகவும் எனக்குத் தெரியவில்லை.

"கட்டடம் நிற்கிறது சார்" என்றேன். "தூண் எண் ஒன்று. தூண் ஒன்று பழைய இடத்தில் நிற்கிறவரை கட்டடம் நிற்பதாகவே கொள்ள வேண்டும். நம் விதி."

எல்லாரும் ஈசானி மூலையைப் பார்த்தார்கள். மூன்று மாத மழை. பந்தக்கால் ஆள் உயரத்துக்குமேல் கிளைவிட்டு, உள்ளங்கை அகல இலைகளோடு தளதளவென்று நின்றது. அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

மாரிஸ் சிரித்துவிட்டான். "சார், அது மரம்."

"மரம் இல்லை சார்" என்றேன். சட்டைப்பையிலிருந்து அவன் நோட்டீஸை எடுத்துத் துரையிடம் கொடுத்தேன். ஒரு மாதமாக அது என் பையில்தான் இருந்தது. புஷ்பவல்லி அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

துரை உரக்கப் படித்தார். "நிலத்தில் நடப்பட்டுள்ள மரத்தூண் ஒன்று. ஒரு கட்டடத்தின் பகுதி." நிமிர்ந்தார். "இது யார் கையெழுத்து?"

மாரிஸ் தன் கையெழுத்தை ரொம்ப நேரம் அடையாளம் பார்த்தான். "என்னுடையது மாதிரிதான் இருக்கிறது, சார்."

துரை நாடாவைக் கேட்டார். வேலியிலிருந்து எட்டடி மூன்று அங்குலம். பிளானில் எட்டடி மூன்று அங்குலம். பிறகு அவரே போய் அந்தத் தூணை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அசையவில்லை. காக்கை மட்டும் பறந்தது.

"எங்கள் நாட்டில் கட்டடங்கள் பழையதாகும்" என்றார். "துளிர்த்து நான் பார்த்ததில்லை." அப்புறம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்று, மை ஒன்று. "இரண்டையும் வரைந்தது யார்?"

"நான்தான் சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் உத்தியோகம் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தது. நஷ்டஈடு கொடுக்கப் போர்டிடம் காசில்லை. தெற்கே இருந்ததோ ரயில்வேக்காரர்கள் எதற்கும் பயன்படுத்தாத வெறும் புல்தரை. துரை தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சந்து சுற்றிப் போகட்டும். இந்த வளைவை நீயே வரை. உன் பெயரையும் மூலையில் எழுது."

அடுத்த இரண்டு வாரத்தில் எங்கள் தெருவிலிருந்து கல்யாணப் பந்தல் பிளான் கேட்டு ஏழு மனுக்கள் வந்தன. அதில் மூன்று வீட்டில் கல்யாண வயதில் யாருமே கிடையாது. சின்னையா தனக்கே இரண்டாம் கல்யாணம் என்று எழுதியிருந்தார். அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாதம் முடிவதற்குள் மூன்றாவது விதி ஒன்று வந்தது: கல்யாணம், திருவிழா, சாவு ஆகியவற்றுக்குப் போடும் பந்தல் கட்டடம் ஆகாது. மாரிஸ் அதை ஞாயிறு பூசையில் பாடுகிற குரலில் எல்லார் வீட்டிலும் படித்துக் காட்டினான்.

வளைவை வரைய எனக்கு மூன்று நாள் பிடித்தது. நேர்கோட்டுக்கு ஒரு இழுப்பு போதும். வளைவுக்கு எங்கே தொடங்கி எங்கே விடுவது என்று ஒவ்வொரு அங்குலமும் யோசிக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு தாளையும் கிழித்தேன். பிடிக்காமல்தான் வரைந்தேன், அதை மறைக்கவில்லை.

முளைக்குச்சி அடிக்கிற அன்று நானே அளவுச் சங்கிலிக்காரனோடு நின்றேன். கடைசிக் குச்சி இறங்கும்போது மத்தியானம். புஷ்பவல்லி அக்கா கொட்டகையிலிருந்து வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கயிறு போன வழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ரொம்பக் கோணலா இருக்கே, கிராணியாரே."

"ஆமா அக்கா" என்றேன்.

"கேரியர் எல்லாம் போயாச்சு. உங்களுதை அனுப்பலை. உள்ளே வாங்க."

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறேன். ஆற்றைத் தாண்டி ஆபீஸ் வந்து சேர்வதற்குள் எப்போதும் ஆறிப்போயிருக்கும். அதுதான் அதன் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அடுப்புக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்தேன். அவர் இலையில் வைத்த சோற்றில் கையை வைத்து, சுட்டு, சட்டென்று எடுத்தேன்.

"மெதுவா" என்றார் அவர். "அடுப்பு எங்கேயும் போவலை."